கமிஷன்னா என்னங்க? எல்லையோரத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கேரளாவில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். மனு எழுதித் தருவதும் உண்டு. வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் 'கமிஷன்' என்றால் தேங்காய் வியாபாரத்தில் புரோக்கர் எடுப்பதுதான் நினைவுக்கு வரும். மீதிப் பேர் எந்தக் கமிஷனுக்கு எழுதுவது என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் ஒரே மனுவை நகல் போட்டு அனுப்பச் சொல்வார்கள். நான் சொல்வது கேரள மக்கள் மனு போடக்கூடிய அரசு சார்ந்த ஆணையங்களை. அவற்றைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை, அவர்கள் கேட்ட மாதிரியே கீழே எழுதியிருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. சட்டப் புத்தகமும் கமிஷன்கள் வெளியிடும் அறிக்கைகளும் படித்துப் பழகியவன், அவ்வளவுதான்.

"ஏனுங்க, கமிஷன்னாலும் கவர்மெண்டுதானே? அதுல என்ன சுயேச்சை?"

சம்பளம் அரசுப் பணத்தில்தான் வருகிறது. ஆனால் மந்திரி போன் போட்டு "அந்த ஃபைலை மூடுங்க" என்று சொல்லக்கூடிய இடத்தில் அவர்களைச் சட்டம் வைக்கவில்லை. வில்லேஜ் ஆபீசரைப் பிடிக்கவில்லை என்றால் நாளைக்கே மாற்றல் உத்தரவு வந்துவிடும். அரசு வேலைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் பப்ளிக் சர்வீஸ் கமிஷன் (இனிமேல் பி.எஸ்.சி.) உறுப்பினரிடம் அது நடக்காது. அவரை நியமிப்பது ஆளுநர், ஆனால் ஆளுநரே நினைத்தாலும் நீக்க முடியாது. நடத்தை சரியில்லை என்றால் உச்ச நீதிமன்றம் விசாரித்துச் சொன்ன பிறகு ஜனாதிபதிதான் நீக்க வேண்டும். மாநிலத் தேர்தல் ஆணையரை நீக்குவது ஹைகோர்ட் நீதிபதியை நீக்குவது போலவே கஷ்டம்.

செலவும் அப்படித்தான். பி.எஸ்.சி.யின் செலவு மாநிலத்தின் தொகுப்பு நிதியில் நேரடியாகச் சாட்டப்பட்டது. சட்டசபை அதைப் பற்றிப் பேசலாம், ஓட்டுப் போட்டு வெட்ட முடியாது. ஆக, ஒரு அமைப்பு நிஜமாகவே சுயேச்சையா என்று பார்க்க நான் கேட்பது இவ்வளவுதான்: யார் நீக்க முடியும், பணம் எங்கிருந்து வருகிறது, அறிக்கை யார் மேஜைக்குப் போகிறது?

"மொத்தம் எத்தனை கமிஷன் இருக்குது? ஒரு லிஸ்ட் ஜெராக்ஸ் போட்டுக் குடுங்க."

எண்ணிக்கையை விட, எது எப்படிப் பிறந்தது என்பதுதான் முக்கியம். அரசியல் சட்டத்திலேயே பிறந்தவை: பி.எஸ்.சி., மாநிலத் தேர்தல் ஆணையம், ஐந்தாண்டுக்கு ஒருமுறை அமைக்கப்படும் மாநில நிதி ஆணையம். அடுத்தது, தனிச் சட்டத்தில் பிறந்தவை: தகவல் ஆணையம், மனித உரிமை ஆணையம், மந்திரிகள், அதிகாரிகள் மீதான ஊழல் புகாரை விசாரிக்கும் லோக் ஆயுக்தா, மின்சார ஒழுங்குமுறை ஆணையம், பெண்கள் ஆணையம், குழந்தை உரிமை ஆணையம், எஸ்.சி. எஸ்.டி. ஆணையம், உணவு ஆணையம். கேரளாவில் பஞ்சாயத்து விஷயங்களுக்கென்றே ஓம்புட்ஸ்மேன் (புகார் விசாரிப்பவர்) ஒருவரும் உண்டு.

மூன்றாவது, அரசாணையில் பிறந்தவை. பார்க்கக் கமிஷன் போலவே இருக்கும். மாநிலத் திட்டக்குழு அந்த வகை. அதன் தலைவரே முதலமைச்சர்தான். வருஷா வருஷம் அவர்கள் போடும் 'எகனாமிக் ரிவ்யூ' நல்ல புத்தகம், பாசனத்திலிருந்து பள்ளிக்கூடம் வரை எல்லாக் கணக்கும் அதில் இருக்கும். ஆனால் அரசுக்குள் இருந்தே அரசைப் பற்றி எழுதியது என்பதை மனதில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

"என் பிரச்சினைக்கு எந்தக் கமிஷன்?"

தவறு செய்தது யார், எந்த மாதிரித் தவறு என்று முதலில் பிரியுங்கள். தகவல் தரவில்லையா, தகவல் ஆணையம். ரேஷன் கிடைக்கவில்லை, அங்கன்வாடியில் சாப்பாடு இல்லை என்றால் முதலில் மாவட்டக் குறைதீர் அதிகாரி, அப்புறம் உணவு ஆணையம். கரண்டு பில் என்றால் கே.எஸ்.இ.பி. (கேரள மின்வாரியம்) ஆபீஸ், பிறகு நுகர்வோர் குறைதீர் மன்றம், அதற்கும் மேலே மின்சார ஓம்புட்ஸ்மேன். தனி ஒருவரின் பில் தகராறுக்கு ஒழுங்குமுறை ஆணையத்துக்கு எழுதினால் "கீழே போ" என்று திருப்பிவிடுவார்கள். அதன் வேலை கட்டணம் நிர்ணயிப்பதும் விதி வகுப்பதும்தான்.

எல்லாருக்கும் ஒரே மனுவை அனுப்பாதீர்கள். ஒரு இடத்தில் விசாரணையில் இருப்பதை இன்னொரு இடம் எடுத்துக்கொள்ளாது. கடைசியில் ஐந்து கவர் செலவுதான் மிச்சம்.

"இவங்க புத்தகம் எல்லாம் போடறாங்களாமே, அதை யாரு படிக்கிறா?"

நான் படிக்கிறேன். பி.எஸ்.சி. மாதம் இருமுறை 'பி.எஸ்.சி. புல்லட்டின்' போடுகிறது. என் கடையில் அதிகம் கைமாறுவது அதுதான், பையன்கள் பொது அறிவுப் பக்கத்தைக் கிழிக்காமல் திருப்பிக் கொடுத்தால் சந்தோஷம். தேர்தல் ஆணையம் வாக்காளர் பட்டியல், வார்டு எல்லை, வேட்பாளருக்கான கைப்புத்தகம், தேர்தல் முடிவுகள் எல்லாம் வெளியிடுகிறது. மனித உரிமை ஆணையமும் தகவல் ஆணையமும் போடுவதில் பெரும்பகுதி உத்தரவுகள். ஒரே மாதிரிப் பிரச்சினையில் ஏற்கெனவே வந்த உத்தரவைத் தேடி எடுத்து மனுவோடு இணைத்தால் மனுவுக்கு நடையே மாறிவிடும்.

எல்லாவற்றிலும் சுவாரசியமானது, நம்ப மாட்டீர்கள், மின்சாரக் கட்டண உத்தரவு. நூற்றுக்கணக்கான பக்கம் இருக்கும், பயப்பட வேண்டாம். கே.எஸ்.இ.பி. என்ன கேட்டது, நுகர்வோர் என்ன ஆட்சேபித்தார்கள், அதற்குக் கே.எஸ்.இ.பி. என்ன பதில் சொன்னது, கடைசியில் ஆணையம் என்ன முடிவெடுத்தது என்று அடுத்தடுத்து இருக்கும். கடைசிப் பக்கங்களில் ஸ்லாப் வாரியாக அட்டவணை. ஒரு தடவை இங்கே பக்கத்து ஊர் விவசாயி ஒருவர் மோட்டார் கனெக்‌ஷன் பில்லைக் கொண்டுவந்தார். அந்த அட்டவணைப் பக்கத்தை மட்டும் பிரிண்ட் எடுத்து, அவருடைய வகைக்கு நேரே பேனாவால் கோடு போட்டுக் கொடுத்தேன். பில்லில் வேறு வகை போட்டிருந்தார்கள். அந்த ஒற்றைத் தாளோடு செக்‌ஷன் ஆபீஸ் போனார், கமிஷன் வரைக்கும் போக வேண்டி வரவில்லை.

"ஆண்டறிக்கை ஏன் எப்பவும் பழசாவே இருக்குது?"

அறிக்கை போகும் பாதை அப்படி. பி.எஸ்.சி. தன் ஆண்டறிக்கையை ஆளுநரிடம் தர வேண்டும். கமிஷன் சொன்ன ஆலோசனையை அரசு எங்கே ஏற்கவில்லை, ஏன் ஏற்கவில்லை என்று ஒரு விளக்கக் குறிப்பையும் சேர்த்துச் சட்டசபையில் வைக்க வேண்டும். மனித உரிமை ஆணையத்தின் அறிக்கையோடு அரசு எடுத்த நடவடிக்கைக் குறிப்பும் சேர வேண்டும். அந்தக் குறிப்பு துறை துறையாகச் சுற்றி வருவதற்குள் காலம் ஓடிவிடும். சபையில் வைக்கும் வரை அறிக்கை பொதுவாக வெளியே வராது.

தகவல் உரிமைச் சட்டத்தின் 25ஆம் பிரிவைப் பாருங்கள், 'ஆண்டு முடிந்த பின் நடைமுறைக்கு ஏற்ற விரைவில்' தயாரிக்க வேண்டும் என்கிற பொருளில்தான் இருக்கிறது. தேதி இல்லை. தேதி போடாத சட்டத்தை எந்த ஆபீசும் அவசரமாக எடுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. அறிக்கை வந்ததும் முதலில் அந்த விளக்கக் குறிப்பைப் புரட்டுங்கள். கமிஷன் சொன்னதும் அரசு செய்ததும் எங்கே பிரிகிறது என்று அந்த நாலு பக்கத்தில் தெரிந்துவிடும்.

"எல்லாம் மலையாளத்துல இருக்குது. தமிழ்ல எழுதினா வாங்குவாங்களா?"

வாங்க வேண்டும். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் மலையாளத்தையும் ஆங்கிலத்தையும் ஆட்சிமொழி ஆக்கியபோதே தமிழ், கன்னடச் சிறுபான்மையினருக்கு ஒரு வழி வைத்தது. தலைமைச் செயலகத்துக்கும், துறைத் தலைவர்களுக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்கும் நாம் தமிழில் எழுதலாம். பதிலும் தமிழிலேயே வர வேண்டும். சித்தூர், தேவிகுளம், பீர்மேடு பக்கம் இருப்பவர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

சட்டம் இருக்கிறது, ஆனால் கவுண்டரில் இருப்பவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பதும் இருக்கிறது. சில வருஷம் முன்பு நானே ஒரு ஆபீசுக்குத் தமிழில் மனு போட்டேன். மேலே பென்சிலால் 'மலையாளம்' என்று மலையாளத்தில் எழுதித் திருப்பி அனுப்பினார்கள். காரணம் கூட இல்லை, அந்த ஒரு சொல் மட்டும். சட்டப் பிரிவைக் குறிப்பிட்டு மறுபடி அனுப்பியதும் எடுத்துக்கொண்டார்கள். பதில் மட்டும் மலையாளத்தில் வந்தது. அன்றிலிருந்து தமிழ் மனுவுக்குப் பின்னால் மலையாளப் பிரதி ஒன்றையும் வைக்கிறேன். உரிமைக்குத் தமிழ், வேலை நடப்பதற்கு மலையாளம்.

தமிழ் ஆளுக்கு இது தலைகுனிவு என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். இருக்கட்டும், முதலில் பென்ஷன் வரட்டும், அப்புறம் சண்டை போடலாம்.

"மொழிச் சிறுபான்மைக்குன்னே ஒரு கமிஷனர் இருக்காராமே, அவருக்கு எழுதலாமா?"

இருக்கிறார், ஆனால் அது மத்தியப் பதவி. மாநில மறுசீரமைப்பு நடந்த 1956இல், ஏழாவது திருத்தம் வழியாக 350பி என்ற பிரிவு வந்தது. அதன் கீழ் நியமிக்கப்படுபவர் மொழிச் சிறுபான்மையினருக்கான பாதுகாப்புகள் எப்படி நடக்கின்றன என்று ஆராய்ந்து ஜனாதிபதிக்கு அறிக்கை தருவார். அது நாடாளுமன்றத்தில் வைக்கப்படும், மாநில அரசுகளுக்கும் போகும். உங்கள் ஒருவருடைய ரேஷன் கார்டை அவர் சரி செய்ய மாட்டார். ஊரே சேர்ந்து "எங்கள் பள்ளியில் தமிழ் வாத்தியார் இல்லை" என்று எழுதினால் அதற்குப் பொருத்தமான இடம்.

"தகவல் உரிமை மனுவுக்கு எவ்வளவு, எப்படிக் கட்டறது?"

10 ரூபாய். கேரள அரசு ஆபீஸ்களுக்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் வேண்டாம், அத்தாட்சி நகல் வையுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் எழுத வேண்டியதில்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால், அதை எழுத்தில் கொண்டுவர உதவ வேண்டியது தகவல் அதிகாரியின் கடமை. சட்டத்தின் 6ஆம் பிரிவிலேயே இருக்கிறது. இதைச் சொல்லிவிட்டால் என் பிழைப்பு போகும், ஆனாலும் சொல்லிவிட்டேன்.

ஒரு சங்கதி: அந்த 6ஆம் பிரிவு ஆங்கிலம், இந்தி, அந்தப் பகுதியின் ஆட்சிமொழி என்று மூன்றைத்தான் சொல்கிறது. அதனால் தகவல் மனுவில் மட்டுமாவது மேலே சொன்ன மலையாளப் பிரதியைத் தவறாமல் வையுங்கள்.

"முப்பது நாள் ஆச்சு, பதிலே இல்லை. நேரா கமிஷனுக்குப் போயிடலாமா?"

நடுவில் ஒரு படி இருக்கிறது. 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் பிடிக்காவிட்டாலும், அடுத்த 30 நாளுக்குள் அதே ஆபீசின் மேலதிகாரியிடம் முதல் மேல்முறையீடு. அதிலும் பலிக்கவில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு. உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 30 நாள் கணக்கில்லை, 48 மணி நேரம்.

தாமதத்துக்குத் தகுந்த காரணம் இல்லை என்று ஆணையம் கண்டால் நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 வரை அபராதம் போடலாம். அந்தப் பணம் அதிகாரியின் சொந்தப் பையிலிருந்து அரசுக்குப் போகும். "அது எங்களுக்குத்தானே வரும்?" என்று கேட்காதவர் இல்லை. வராது. உங்களுக்கு நஷ்டம் என்றால் நஷ்டஈடு என்று தனியாகக் கேட்க வேண்டும், 19ஆம் பிரிவில் அதற்கு இடம் உண்டு.

"பி.எஸ்.சி. அப்ளிகேஷனுக்கு எவ்வளவு ஃபீஸ்?"

கேரள பி.எஸ்.சி.க்கு விண்ணப்பக் கட்டணமே கிடையாது. ஒருமுறைப் பதிவு செய்துகொண்டால் அந்தப் பக்கத்திலிருந்தே ஒவ்வொரு அறிவிப்புக்கும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பித்தால் மட்டும் போதாது, தேர்வு எழுதுவதாக உறுதியும் அளிக்க வேண்டும். அதை மறந்து ஹால் டிக்கெட் வராமல் அழுதுகொண்டு வருகிற பிள்ளைகள் ஒவ்வொரு சீசனிலும் உண்டு.

"தமிழ் மீடியத்துல படிச்சவங்க எழுத முடியுமா?"

முடியும். மலையாளத்தில் கேள்வித்தாள் வரும் தேர்வுகளுக்கு மொழிச் சிறுபான்மையினர் தமிழிலோ கன்னடத்திலோ கேள்வித்தாள் கேட்கலாம். அதை உறுதி அளிக்கும்போதே தேர்ந்தெடுத்துவிட வேண்டும், தேர்வு மையத்தில் போய்க் கேட்டால் கிடைக்காது. தமிழ் மீடியம் பள்ளி ஆசிரியர், தமிழும் மலையாளமும் தெரிந்த கிளார்க் என்று நமக்கென்றே அறிவிப்புகளும் வரும். அபூர்வமாகத்தான் வரும், அதனால் புல்லட்டினைப் புரட்டாமல் விடாதீர்கள்.

ரேங்க் லிஸ்டில் பெயர் வந்துவிட்டது என்று உடனே ஸ்வீட் வாங்காதீர்கள். லிஸ்ட் பொதுவாகக் குறைந்தது ஒரு வருஷம், அதிகபட்சம் மூன்று வருஷம் உயிரோடு இருக்கும். அதற்குள் எத்தனை காலியிடத்தைத் துறைகள் பி.எஸ்.சி.க்குத் தெரிவிக்கின்றன என்பதுதான் விதி. பி.எஸ்.சி. ஆளைப் பரிந்துரைக்கும், காலியிடத்தை உண்டாக்க அதனால் முடியாது. துறை தெரிவிக்காமல் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் 10 ரூபாய் ஸ்டாம்ப்.

"ஒரு கமிஷன் இன்னொரு கமிஷனுக்குக் கட்டுப்படுமா? என் விடைத்தாளை பி.எஸ்.சி. காட்டுமா?"

பிளஸ் டூ படிக்கும் பையன் ஒருவன் கேட்டான், நல்ல கேள்வி. கேரள பி.எஸ்.சி.யும் மாநிலத் தகவல் ஆணையமும் இதே விஷயத்தில் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. 2016இல் தீர்ப்பு வந்தது. தேர்வு எழுதியவர் தன் விடைத்தாளையும் மதிப்பெண்ணையும் பார்க்கலாம், திருத்தியவரின் பெயரை மட்டும் தர வேண்டியதில்லை. பெயர் வெளியே போனால் திருத்துகிறவர்களுக்குத் தொல்லை வரும் என்பது நீதிமன்றத்தின் கவலை.

ஆக, அரசியல் சட்டத்தில் பிறந்த பெரிய கமிஷன் ஆனாலும், தகவல் கேட்கும்போது அது இன்னொரு ஆபீஸ்தான். தகவல் ஆணையமே கூடத் தன்னைப் பற்றி யாராவது மனு போட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"எலெக்‌ஷன் கார்டு கையில இருக்குது. பஞ்சாயத்து லிஸ்ட்ல பேரு இல்லைங்கறாங்களே?"

2020 டிசம்பரிலும் 2025 டிசம்பரிலும் இந்தக் கேள்வியை எத்தனை பேர் என்னிடம் கேட்டார்கள் என்று கணக்கே இல்லை. சட்டசபை, பாராளுமன்றத் தேர்தல் நடத்துவது டெல்லியில் இருக்கும் இந்தியத் தேர்தல் ஆணையம். பஞ்சாயத்து, நகராட்சித் தேர்தல் நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். 73, 74ஆம் திருத்தங்கள் 1993இல் நடைமுறைக்கு வந்தபோது பிறந்தது. கேரளாவில் இருவரும் தனித்தனிப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். ஒன்றில் பெயர் இருப்பதால் மற்றதிலும் இருக்கும் என்று அர்த்தமில்லை.

ஃபாரமும் வேறு வேறு. டெல்லி ஆணையத்துக்குப் புதிதாகப் பெயர் சேர்க்க ஃபாரம் 6. மாநில ஆணையத்தின் பட்டியலில் சேர்க்க ஃபாரம் 4, அங்கே ஃபாரம் 6 என்பது திருத்தத்துக்கு. ஆறாம் நம்பரைப் பார்த்ததும் ரெண்டும் ஒன்று என்று நினைத்து நிரப்பிக் கொண்டுவருவார்கள், பாவம். பஞ்சாயத்துப் பட்டியலுக்குப் பொறுப்பு பஞ்சாயத்துச் செயலாளர். வாக்காளர் பட்டியல் வரைவு வெளியானதும் வார்டுப் பக்கத்தில் உங்கள் வீட்டுப் பெயரைத் தேடுங்கள். தேர்தல் அறிவித்த பிறகு தேடிப் பிரயோஜனம் குறைவு.

"ஓட்டுச் சீட்டு தமிழ்ல இருக்குமா?"

மொழிச் சிறுபான்மையினர் வசிக்கும் வார்டுகளில் மலையாளத்தோடு தமிழிலும், வடக்கே காசர்கோடு பக்கம் கன்னடத்திலும் பெயர் அச்சிடுவார்கள். வேட்பாளர் பெயரில் எழுத்துப் பிழை இருந்தால், சீட்டு மெஷினில் ஒட்டப்படும் முன்பே சொல்லுங்கள்.

"ஜெயிச்ச மெம்பர் கட்சி மாறிட்டார். யாருகிட்ட சொல்றது?"

மாநிலத் தேர்தல் ஆணையத்திடம். தேர்தல் நடத்திவிட்டுக் கடையை மூடிவிடும் அமைப்பு என்று நினைக்காதீர்கள். 1999இன் கட்சித் தாவல் தடைச் சட்டப்படி பஞ்சாயத்து, நகராட்சி உறுப்பினர்களின் தகுதியை முடிவு செய்வது ஆணையமே. மனு, சாட்சி, குறுக்கு விசாரணை என்று கோர்ட் மாதிரியே நடக்கும். அந்த உத்தரவுகளும் வெளியாகும்.

செலவுக் கணக்கும் அப்படி. 2020 தேர்தலில் கிராமப் பஞ்சாயத்து வேட்பாளருக்கு உச்சவரம்பு 25,000 ரூபாய். முடிவு வந்து 30 நாளுக்குள் கணக்குத் தராவிட்டால் ஐந்து வருஷம் போட்டியிட முடியாது. தோற்றவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுவார்கள், "தோத்தவனுக்கு எதுக்குக் கணக்கு" என்று விட்டுவிடுவார்கள்.

"பஞ்சாயத்துல வீட்டு பெர்மிட் தரமாட்டேங்கறாங்க. ஓம்புட்ஸ்மேனுக்கு எழுதலாமா?"

பெர்மிட் மறுத்த உத்தரவே தவறு என்றால் உள்ளாட்சித் தீர்ப்பாயம். பெர்மிட்டுக்குக் கைநீட்டினார்கள், வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார்கள், பணத்தைச் சுருட்டினார்கள் என்றால் ஓம்புட்ஸ்மேன். இரண்டும் 1994ஆம் ஆண்டு பஞ்சாயத்துராஜ் சட்டத்தில் இருக்கின்றன. நூறு நாள் வேலைக்கு இருக்கும் ஓம்புட்ஸ்மேன் வேறு ஆள், இந்த ஆள் வேறு. பெயர் ஒன்றாக இருப்பதால் மனுக்கள் இடம் மாறிப் போகின்றன.

"மனித உரிமை கமிஷன் ஆர்டர் போட்டும் ஆபீஸ்ல கண்டுக்கவே இல்லை!"

கொஞ்சம் கசப்பான பதில். 1993ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த இந்த ஆணையம், கேரளாவில் 1998இலிருந்து இருக்கிறது. போடுவது பரிந்துரை. விசாரிக்கும்போது சிவில் கோர்ட்டின் அதிகாரம் உண்டு, ஆளை வரவழைக்கலாம், ஃபைலைக் கொண்டுவரச் சொல்லலாம். முடிவில் அரசுக்குச் சிபாரிசு செய்யலாம், இல்லையென்றால் ஹைகோர்ட்டை அணுகலாம். கட்டணம் இல்லை. சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள் எழுத வேண்டும், அதைத் தாண்டினால் எடுக்க முடியாது.

அப்படியானால் பிரயோஜனம் இல்லையா? இருக்கிறது. ஆணையம் நோட்டீஸ் அனுப்பியதும் அந்த ஆபீஸ் எழுத்தில் பதில் தர வேண்டி வரும். பல பேருக்கு அந்தக் காகிதம்தான் பின்னால் ஹைகோர்ட்டில் கைகொடுக்கிறது.

"லோக் ஆயுக்தாவுக்கு இப்ப பல்லு இல்லைங்கறாங்களே, நெசமா?"

1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி, இந்த ஆள் பதவியில் இருக்கக்கூடாது என்று லோக் ஆயுக்தா அறிவித்தால் அதை ஏற்றே ஆக வேண்டும் என்று இருந்தது. 2022இல் சட்டசபை அதைத் திருத்தியது, 2024 பிப்ரவரியில் ஜனாதிபதி ஒப்புதல் கிடைத்தது. இப்போது முதலமைச்சரைப் பற்றிய அறிவிப்பைச் சட்டசபையும், மந்திரிகளைப் பற்றியதை முதலமைச்சரும் பரிசீலித்து முடிவு செய்யலாம். சுயேச்சை என்பதற்கு முதல் கேள்வியில் என்ன சொன்னேனோ, அதோடு இதை வைத்துப் பாருங்கள். என் கணக்கில் அது ஒரு படி இறங்கிவிட்டது. கீழ்மட்ட அதிகாரிகள் மீதான புகாருக்கு இன்னும் பயன்படும்.

"பிளாச்சிமடைக்குக் கமிட்டி போட்டு எழுதினாங்களே, ஏன் காசு வரலை?"

நம் பக்கத்துப் பெருமாட்டி பஞ்சாயத்து விஷயம் என்பதால் இந்தக் கேள்வி வராத மாதம் இல்லை. கோகோ கோலா ஆலை 2000இல் வந்தது, கிணறு வற்றுகிறது, தண்ணீர் கெடுகிறது என்று 2002இல் போராட்டம் தொடங்கியது, 2003இல் பஞ்சாயத்து லைசென்சைப் புதுப்பிக்க மறுத்தது, 2004 மார்ச்சில் உற்பத்தி நின்றது. பிறகு மாநில அரசு அமைத்த உயர்மட்டக் குழு 2010இல் நஷ்டத்தை 216.26 கோடி ரூபாய் என்று கணக்கிட்டது.

இப்போது பிறப்பு வகையைப் பாருங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1974ஆம் ஆண்டு தண்ணீர்ச் சட்டத்தில் வேரூன்றியது, அதற்கு நோட்டீஸ் தரவும் நிறுத்தவும் அதிகாரம் உண்டு. உயர்மட்டக் குழு அரசாணையில் பிறந்தது. கணக்குப் போடலாம், வசூலிக்க முடியாது. வசூலிக்கத் தீர்ப்பாயம் வேண்டும் என்று 2011இல் சட்டசபை மசோதா நிறைவேற்றியது. அது ஜனாதிபதி ஒப்புதல் கிடைக்காமலே திரும்பியது. அறிக்கை இன்றும் படிக்கக் கிடைக்கிறது. மண், தண்ணீர், மாடு, கூலி என்று இனம் இனமாக நஷ்டத்தைப் பிரித்திருப்பார்கள். அந்தக் கிணற்றுப் பக்கத்துப் பாட்டிமார் அதைப் படித்ததில்லை, ஆனால் அந்தத் தொகை மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம்.

"ஆழியாறு தண்ணி வரலைன்னா எந்தக் கமிஷன்?"

எந்தக் கமிஷனும் இல்லை. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் 1970 மே 29இல் இரண்டு மாநிலங்களும் கையெழுத்திட்டது, 1958 நவம்பரிலிருந்து செல்லும் என்று முன்தேதியிட்டார்கள். மணக்கடவில் வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. நமக்கு வர வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வது இரு மாநிலப் பொறியாளர்களும் உட்காரும் கூட்டு நீர் ஒழுங்குமுறை வாரியம். அது அரசுகளின் அமைப்பு, சுயேச்சை ஆணையம் கிடையாது. ஆனால் எந்த வாரம் எவ்வளவு வந்தது என்ற கணக்கை நீர்வளத் துறையிடம் தகவல் உரிமையில் கேட்கலாம். கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

"வீடு கோபாலபுரத்துல, வேலை சித்தூர்ல. நான் எந்த ஸ்டேட் கமிஷனுக்கு எழுதறது?"

உங்கள் வீடு எங்கே என்பது கணக்கில்லை, தவறு செய்த ஆபீஸ் எந்த அரசுடையது என்பதுதான் கணக்கு. தகவல் கேட்க இந்தியக் குடிமகனாக இருந்தால் போதும். தமிழ்நாட்டில் குடியிருந்துகொண்டு கேரளப் பஞ்சாயத்தைக் கேட்கலாம், இங்கிருந்து பொள்ளாச்சி தாலுகா ஆபீசைக் கேட்கலாம். தபால் ஆபீஸ், ரயில்வே, தேசிய வங்கி என்றால் இரண்டு மாநிலமும் இல்லை, கடைசியில் போக வேண்டியது டெல்லியிலுள்ள மத்தியத் தகவல் ஆணையம். தப்பான ஆபீசுக்கு எழுதிவிட்டாலும் பதற வேண்டாம், ஐந்து நாளுக்குள் சரியான இடத்துக்கு மாற்றிவிட வேண்டும் என்று 6(3) பிரிவு சொல்கிறது.

"கெஜட்ல பேரு மாத்தறதும் கமிஷனா?"

இல்லை. கெஜட் அச்சிடுவது அரசின் அச்சுத் துறை. கமிஷன்களின் அறிவிப்புகளும் அதில் வரும் என்பதால் குழப்பம்.

"சரி, இதெல்லாம் எழுதிக் குடுக்க நீங்க எவ்வளவு வாங்குவீங்க?"

பக்கத்துக்கு 30 ரூபாய், தமிழும் மலையாளமும் சேர்த்தால் இரண்டு பக்கம். தகவல் மனு என்றால் ஸ்டாம்ப் 10 தனி. யாராவது "கமிஷனுக்குக் கட்டணும்" என்று 500 கேட்டால் ரசீது கேளுங்கள், ஆள் காணாமல் போய்விடுவார். மனுவின் நகலும் ஸ்பீடு போஸ்ட் சீட்டும் ஒரே பிளாஸ்டிக் கவரில் வையுங்கள், பின்னால் நாள் கணக்குப் பார்க்க அந்தச் சீட்டில் இருக்கும் தேதிதான் வேண்டும்.

தமிழ் மீடியத்தில் படித்தவன் நான், மலையாளப் பக்கத்தை என் மகள்தான் பிழை பார்ப்பாள். அவள் பள்ளி விட்டு வர நாலரை ஆகும், அதனால் மத்தியானம் வந்து அவசரப்படுத்தாதீர்கள்.